ஜன்னல் ஒட்டும் மாதம்

அக்டோபரில் ஒட்டுவதுதான் வழக்கம்.
ஐம்பது பாகைக் குளிர் வருமுன்
சட்டத்து இடுக்கில் பஞ்சு திணித்து
மேலே காகித நாடா.
இந்த வருடம் ஜூலையில் ஒட்டினோம்.
எத்தனை சுருள் என்பதைத் தவிர
கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை.

யாகுத்ஸ்க் நகரத்தில்
இரவு முழுசாக வராத மாதம் இது.
பதினொரு மணிக்கும் வெளிச்சம்தான்,
பழைய எண்ணெயில் மறுபடி பொரித்த நிறத்தில்.

சமையலறையில் நின்று எண்ணுகிறேன்.
முதல் நாள் லேனா ஆற்றுத் துறையின் பளுதூக்கிகள் போயின.
எதிர்க்கரை எப்போது போனதென்று கவனிக்கவில்லை.
நான்காம் நாள் தொலைக்காட்சிக் கோபுரம்,
நுனியிலிருந்து கீழ்நோக்கி.
பிறகு கார் நிறுத்தும் தகரக் கொட்டகைகள்.
இன்று, துணி காயப்போடும் இரும்புக் கம்பம் இருக்கிறது.
அதற்கு அந்தப்புறம் ஊர் உண்டென்பதற்கு
நாய் குரைப்பதுதான் சாட்சி.

குளிர்கால மூட்டம் எங்களுக்குப் பழக்கம்.
நீட்டிய கை தெரியாது,
ஆனாலும் பேருந்து ஓடும், ரொட்டி வண்டி வரும்.
அந்த மூட்டத்துக்கு நெடி கிடையாது.
இது தொண்டையில் உட்கார்ந்து கமறுகிறது.
தேநீரில் புகை. தலையணை உறையில் புகை.
ஐசேனின் தலையை முகர்ந்தால்
நாலு வயசுப் பிள்ளை
நேற்றைய அடுப்பாய் மணக்கிறான்.

நெருப்பில்லாமல் புகையாது.
சரிதான்.
எந்த நெருப்பு, எத்தனை நூறு கிலோமீட்டர் தள்ளி,
எந்த மழைக்கு அணையும்,
பழமொழிக்கு அதெல்லாம் தெரியாது.

மருந்துக்கடையில் என் வேலை
இல்லை என்று சொல்வது.
கண்சொட்டு இல்லை. பெரியவர்கள் முகக்கவசம் இல்லை.
குழந்தைகளுக்கானது நான்கு இருந்தது.
ஒருவர் இரண்டை வாங்கிக்கொண்டு
நாய்க்குப் பொருந்துமா என்றார்.
வரிசை முழுக்கச் சிரித்தது,
சிரிப்பு இருமலாகி முடிய
கொஞ்ச நேரம் பிடித்தது.

மூன்றாம் மாடியில் உருய்தான் வீட்டில் மட்டும்
காற்று வடிகட்டும் பெட்டி ஒன்று.
எங்கள் படிக்கட்டுப் பிள்ளைகள் ஒன்பது பேரும்
இரவில் அதன் முன்னால்
ஒரே கம்பளத்தில் தூங்குகிறார்கள்.
நாங்கள் முறை போட்டு விழித்திருக்கிறோம்.
நேற்று கதவை ஒரு நிமிடம் கூடுதலாகத் திறந்துவைத்தாள் என்று
அகூலினாவுக்கும் லுக்கேரியாவுக்கும் சண்டை,
பிள்ளைகள் எழுந்துவிடாமல், கிசுகிசுவென்று,
பத்து வருடக் கணக்கெல்லாம் வெளியே வந்தது.
பெட்டியின் சிவப்பு விளக்கு பச்சையாகும்வரை
ஒருவரும் நகரவில்லை.

படுக்கை விரிப்பை நனைத்து
ஜன்னலில் தொங்கவிடுகிறேன்.
ஆறு மணிநேரத்துக்கொரு தரம்
குளியல் தொட்டியில் பிழிகிறேன்.
விழுவது கடுந்தேநீர்.
அதைப் பார்த்துக்கொண்டே நிற்கக் கூடாது.
அடுத்ததை நனைக்க வேண்டும்.

ஜுலுஸ்தான் மண்வெட்டியோடு காட்டுக்குப் போய்ப்
பன்னிரண்டு நாள்.
ஏதோ மேட்டில் ஏறி நின்று
ஒருமுறை கூப்பிட்டான்.
அங்கே எப்படி மூச்சுவிடுகிறாய் என்றேன்.
'இங்கே பரவாயில்லை,
காற்று உங்கள் பக்கம் அடிக்கிறது.'
பிறகு இருவரும் பேசவில்லை.
நிமிடங்களுக்குக் காசு போனது.

பதிமூன்றாம் நாள் விடியலில்
கதவைத் தட்டினான்.
முகத்தில் கண்கள் மட்டும் பழைய நிறம்.
எரிந்த காடு மணக்க வருவானென்று
மூக்கைத் தயாராய் வைத்திருந்தேன்.
கட்டிக்கொண்டேன்.
ஒரு வாசனையும் இல்லை.
கம்பளம் மாதிரி, திரைச்சீலை மாதிரி,
என்னை மாதிரியே இருந்தான்.

சட்டையைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனவன்
தொட்டியருகே நின்றான்.
'எனக்கு முன்னால்
இதில் குளித்தது யார்?'

ஜன்னல், என்றேன்.